கோட்டைக்குள் தண்ணீர்



மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் நேரத்தில் நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். ஜெய்சால்மர் போகிறோம், எத்தனை நாள் தங்கலாம், என்னென்ன பார்க்கலாம், கோட்டைக்குள்ளேயே அறை எடுத்துத் தங்கலாமா? இந்த இதழில் பதில் எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். எழுத உட்கார்ந்திருப்பதோ இத்தாலியின் தெற்குக் கோடியில், சிசிலித் தீவின் தலைநகரான பலேர்மோவில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடத்துக்கும் மேலாக இங்கே வாழும் ஒரு வாசகர் குடும்பத்தில் மகளுக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம். இத்தனை வருடமாக நம் இதழைத் தபாலில் வரவழைத்துப் படிப்பவர்கள் அழைத்தால் எப்படி மறுப்பது?

வந்த மறுநாள் காலை. வீட்டு அக்கா ஈரத்துணியோடு பால்கனிக் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணி செம்மண் நிறமாகியிருந்தது. உலர்த்தப் போட்ட வெள்ளை வேட்டியிலும் அதே நிறம் புள்ளி புள்ளியாக. "ராத்திரி ஷிரோக்கோ அடிச்சது, அண்ணை. ஆப்பிரிக்காவில இருந்து வாற காத்து. பாலைவனத்துத் தூசு இது" என்றார். விரலால் தொட்டுப் பார்த்தேன். சந்தனம் இழைத்தாற்போல அவ்வளவு மென்மை. சகாரா கடல் தாண்டி வந்து ஒரு யாழ்ப்பாணத்து வேட்டியில் ஒட்டியிருந்தது.

அந்தத் துணியைப் பார்த்ததும் எனக்கு ஜெய்சால்மரின் நினைவு வந்துவிட்டது. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு ஜனவரி மாதத்தில் அங்கே போயிருந்தேன். ஜோத்பூரிலிருந்து ரயிலில் இரவெல்லாம் மணல் வாடை. விடியும்போது தட்டையான பூமியின் நடுவில் திரிகூட மலையும் அதன் மேல் மஞ்சள் கோட்டையும் தெரிந்தன. தொண்ணூற்றொன்பது கொத்தளங்கள். சூரியன் ஏற ஏற, கல் வெளிர் மஞ்சளிலிருந்து தேன் நிறத்துக்கு மாறியது. பொன் நகரம் என்று அதற்கு ஏன் பெயர் வைத்தார்கள் என்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஆனால் என் மனதில் நின்றது கல்லின் நிறம் இல்லை. கோட்டைக்குள் ஒரு சந்தில் திரும்பினேன். ஒரு பாட்டி வாசலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டில் பையன் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். நாம் பார்த்த கோட்டைகள் வேறு மாதிரி. செஞ்சிக் கோட்டையில் குரங்குகளும் காற்றும்தான். வேலூர்க் கோட்டைக்குள் கோயிலும் அருங்காட்சியகமும் இருக்கின்றன, குடித்தனம் இல்லை. ஜெய்சால்மர்க் கோட்டைக்குள் இன்றும் சில ஆயிரம் பேர் வாழ்கிறார்கள், பிறக்கிறார்கள், கல்யாணம் செய்கிறார்கள். நமக்கு அதுபோல ஒன்று சொல்லவேண்டுமானால் ஸ்ரீரங்கம். ஏழு மதில்களுக்குள் பெருமாளும் இருக்கிறார், மளிகைக் கடையும் இருக்கிறது. மதிலும் மனிதரும் பிரியாத ஊர்.

பாட்டி (Bhati) குலத்து ராஜபுத்திர அரசர் ராவல் ஜைசல் ஜெய்சால்மரை நிறுவிய வருடம் 1156. அதே பத்தாண்டில் பலேர்மோ என்னவாக இருந்தது என்று இங்கு வந்தபிறகு யோசித்துப் பார்த்தேன். வியப்பாக இருக்கிறது. 831இல் அரபுகள் இந்த நகரைப் பிடித்தார்கள். 1072இல் வடக்கிலிருந்து வந்த நார்மன்கள் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டார்களே தவிர அழித்துவிடவில்லை. 1130இல் முடிசூடிய இரண்டாம் ரோஜர் என்ற கிறிஸ்தவ அரசரின் சபையில் அரபுக் கணக்கர்கள் இருந்தார்கள், கிரேக்க அதிகாரிகள் இருந்தார்கள். அவருக்காக 1133-34இல் பலேர்மோவிலேயே தைத்த செம்பட்டு அங்கி இப்போது வியன்னாவில் இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது தெரியுமா? நடுவில் ஒரு பேரீச்ச மரம். இருபுறமும் சிங்கங்கள், அவற்றின் பிடியில் ஒட்டகங்கள். விளிம்பில் அரபு எழுத்து. ஐரோப்பிய அரசன் ஒருவன் தோளில் ஒட்டகத்தைப் போட்டுக்கொண்டு திரிந்தான் என்றால், இந்த ஊரைக் கட்டிய கைகள் எங்கிருந்து வந்தவை என்று புரிந்துகொள்ளலாம்.

அதே ரோஜருக்காக அல் இத்ரீசி என்ற அரபுப் புவியியலாளர் உலகத்தையே விவரிக்கும் நூல் ஒன்றை எழுதி 1154 ஜனவரியில் முடித்தார். அதில் சரண்தீப் என்ற பெயரில் இலங்கையும் வருகிறது. இதை வீட்டுக்கார அண்ணனிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். "அப்ப நாங்கள் வாறதுக்கு எண்ணூறு வருசத்துக்கு முன்னாலயே எங்கட பேர் இஞ்ச வந்திட்டுது" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சிக்காகவே இந்தப் பயணம் தகும்.

பலேர்மோவின் பழைய நகரம் மதிலுக்குள் இருந்த நகரம். நடுவே ஓடும் நெடுந்தெருவின் பெயர் கஸ்ஸாரோ. கோட்டை என்று பொருள்படும் அல் கஸ்ர் என்ற அரபுச் சொல்தான் தேய்ந்து அப்படியானது. பத்தாம் நூற்றாண்டில் கடலோரமாக இன்னொரு கோட்டைப் பகுதி எழுப்பினார்கள். அல் காலிசா என்ற அதன் பெயர் இன்று கல்சா. மதில்களில் பெரும்பகுதியைப் பிற்காலத்தவர் இடித்துவிட்டார்கள். தெருவின் மேற்கு முனையில் 1583இல் கட்டிய புதுவாசலும் கடற்கரை முனையில் இன்னொரு வாசலும் நிற்கின்றன. மன்னரின் அரண்மனைக்குள் இருக்கும் சிற்றாலயத்தின் மரக்கூரையைக் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்க்கவேண்டும். கிறிஸ்தவ ஆலயம், அரபுப் பாணியில் தேன்கூடு போலச் செதுக்கிய கூரை, சுவரெங்கும் கிரேக்கர்களின் பொன் மொசைக். பேராலயத்தின் வாசல் தூண் ஒன்றில் குர்ஆன் வசனம் செதுக்கியிருக்கிறது. பல நூறு வருடமாக அதன் பக்கத்தால்தான் பூசைக்குப் போகிறார்கள். இந்தக் கட்டடங்களை 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இரண்டு வருடம் முன்னதாக, 2013இல், ராஜஸ்தான் மலைக்கோட்டைகளில் ஒன்றாக ஜெய்சால்மர் அதே பட்டியலுக்கு வந்திருந்தது.

இதெல்லாம் எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இருக்கும். நான் உங்களிடம் சொல்ல நினைப்பது மண்ணுக்கு அடியில் இருப்பதைப் பற்றி.

மூன்றாம் நாள் அண்ணன் என்னைக் கனாத் பார்க்க அழைத்துப்போனார். நகரின் மேற்கில், அடுக்குமாடிகளுக்கு நடுவே தப்பிப் பிழைத்த ஒரு பழைய தோட்டத்து நிலம். குகை ஆராய்ச்சியாளர்கள் முன்பதிவு செய்தவர்களை மட்டும் சிறு குழுவாக இறக்குகிறார்கள். தலைக்கவசம், விளக்கு, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். கிணறு போன்ற குழியில் இரும்பு ஏணியைப் பிடித்து இறங்கினோம். மேலே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பத்துப் படி இறங்கியதும் மார்கழி. காலில் தண்ணீர் பட்டது. சலனமே தெரியவில்லை, ஆனால் ஓடிக்கொண்டிருந்தது. உதிர்ந்து விழுந்த ஒரு சருகைப் பார்த்துத்தான் அது நகர்வதைத் தெரிந்துகொண்டேன்.

கனாத் என்பது பாரசீகப் பாலைநிலத்து மக்கள் கண்ட உபாயம். மலையடிவாரத்தில் ஊற்று இருக்கும் ஆழத்துக்கு முதலில் ஒரு தாய்க்கிணறு வெட்டுவார்கள். அங்கிருந்து ஊர்வரை, நிலத்துக்கு அடியிலேயே, ஆள் குனிந்து போகும் அளவில் ஒரு சுரங்க வாய்க்கால். இடையிடையே காற்றுக்கும் மண் எடுக்கவும் செங்குத்துக் குழிகள். நுட்பம் முழுவதும் சரிவில் இருக்கிறது. சரிவு சற்றுக் கூடினால் தண்ணீர் வேகமெடுத்து வாய்க்காலை அரித்துவிடும். குறைந்தால் தேங்கி மண் படியும். எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், மண்ணுக்கு அடியில் இருந்துகொண்டு, கண்ணுக்கே தெரியாத அந்தச் சரிவைக் கணித்து வெட்டியிருக்கிறார்கள். ஏற்றம் வேண்டாம், மாடு வேண்டாம். வெயில் படாததால் வழியில் ஆவியாகும் இழப்பும் இல்லை. இந்த வித்தையை அரபுகள் சிசிலிக்குக் கொண்டுவந்தார்கள். பிற்காலத்தில் அந்தத் தோட்டத்து நிலம் இயேசு சபையார் கைக்கு வந்ததால் சில கனாத்களுக்கு அவர்கள் பெயரே நிலைத்துவிட்டது.

விளக்கொளியைச் சுவரில் அடித்துப் பார்த்தேன். மஞ்சளோடிய சுண்ணாம்புக்கல்லில் உளி விழுந்த தடங்கள் சாய்வாக, வரிசையாக, நேற்று வெட்டியதுபோல இருந்தன. ஒரே சாய்வு, ஒரே இடைவெளி. ஓரிடத்தில் மட்டும் தடங்களின் சாய்வு மாறியது. வலக்கைக்காரர் ஓய்ந்து இடக்கைக்காரர் ஒருவர் வேலையை எடுத்துக்கொண்டாரோ என்று தோன்றியது. பெயர் தெரியாத அந்த மனிதரின் தோளசைவு கல்லில் இருக்கிறது.

அண்ணன் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளிப் பார்த்துவிட்டு, "எங்கட ஊர்க் கிணத்துத் தண்ணி மாதிரியே இருக்கு. அதுவும் சுண்ணாம்புக்கல்லுக்கால வாறதுதானே" என்றார். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கித் தங்குகிறது. துலா வைத்து இறைத்த கிணற்று நீரில்தான் அந்த மண்ணின் புகையிலையும் வெங்காயமும் விளைந்தன. புத்தூரில் உள்ள நிலாவரைக் கிணற்றை அடியில்லாத கிணறு என்றே ஊரார் சொல்வார்கள். ஆகவே அவருக்கு இந்தக் கனாத் அந்நியமாகப் படவில்லை. எனக்கும்தான். தமிழில் சுருங்கை என்று ஒரு பழைய சொல் உண்டு. நிலத்தடி வழியையும் நீர்ப்பாதையையும் குறிப்பது. சிலப்பதிகாரத்து மதுரையின் கோட்டையில் சுருங்கை வழி இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் காசர்கோட்டு மலைச்சரிவுகளில் இன்றும் சுரங்கம் என்ற பெயரில் கிடைமட்டமாகக் குடைந்து குடிநீர் எடுக்கிறார்கள். தாகம் ஒன்றாக இருந்தால் வழியும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது போலும்.

ஜெய்சால்மரின் வழி வேறு. அங்கே வருடத்துக்கு இருநூறு மில்லிமீட்டர் மழை பெய்தாலே அதிகம். அதையும் இரண்டு மூன்று தடவையில் கொட்டிவிட்டு வானம் போய்விடும். பாலிவால் அந்தணர்கள் அந்த ஊர்ப்பக்கம் ஒரு முறையைக் கையாண்டார்கள். பாறைச் சரிவில் ஓடிவரும் மழையைத் தாழ்வான நிலத்தில் மண்கரை போட்டு மறிப்பது. நீர் இறங்கி மண் ஈரமானதும் அந்த ஈரத்திலேயே கோதுமை விதைப்பது. காதீன் என்று பெயர். நம் ஏரிக்கு அது ஒன்றுவிட்ட தம்பி; ஏரி தண்ணீரைச் சேர்த்து வைக்கும், காதீன் ஈரத்தைச் சேர்த்து வைக்கும். குடிநீருக்கோ கோட்டைக்கு வெளியே கடீசர் ஏரி. பதினான்காம் நூற்றாண்டில் கட்சி சிங் என்ற அரசர் வெட்டிச் சீரமைத்தது. அங்கிருந்து பெண்கள் குடம் குடமாகச் சுமந்து மலையேறிக் கோட்டைக்குள் கொண்டுபோனார்கள். அப்படிச் சுமந்த தண்ணீரை எப்படிச் செலவழித்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். குளித்த நீரில் துணி, துணி அலசிய நீரில் தரை.

கனாத்திலிருந்து மேலே ஏறி வந்ததும் சீஸா அரண்மனைக்குப் போனோம். நார்மன் அரசர் முதலாம் வில்லியம் 1165 வாக்கில் தொடங்கி மகன் முடித்தது. அரபுச் சொல் அல் அசீஸாவிலிருந்து வந்த பெயர். கோடையைத் தணிப்பதற்காகவே கட்டிய வீடு அது. கூடத்துச் சுவரிலிருந்து நீர் வழிந்து, பளிங்கில் செதுக்கிய அலைகளின் மேல் தவழ்ந்து, தரையில் நேர்கோடான வாய்க்காலாக ஓடி வெளியே குளத்தில் விழும். கடற்காற்று குளத்தின் மேல் பட்டுக் குளிர்ந்து வாசல் வழியே உள்ளே வந்து, சுவருக்குள் விட்டிருக்கும் புழைகளால் மேல்மாடிவரை ஏறும். பளிங்கு வாய்க்காலில் கை வைத்துப் பார்த்தேன், உலர்ந்திருந்தது. வாசல் வளைவில் தீட்டியிருக்கும் உருவங்களை ஊரார் சீஸாவின் பேய்கள் என்கிறார்கள். யார் எண்ணினாலும் ஒரு எண் வராது என்பது நம்பிக்கை. அண்ணனின் மகள் பன்னிரண்டு என்றாள். எனக்குப் பதினொன்று வந்தது. பராமரிப்பில்லாமல் கிடந்த இந்த அரண்மனையின் ஒரு பகுதி 1971இல் இடிந்தே விழுந்தது. பிறகு பல வருடம் பாடுபட்டு மீட்டு 1991இல் திறந்தார்கள்.

தண்ணீர் வந்த வழியே தோட்டமும் வந்தது. மலைகள் சூழ்ந்த பலேர்மோ சமவெளிக்குப் பொற்கிண்ணம் என்று பொருள்படும் பெயர். பழுத்த எலுமிச்சையும் நாரத்தையும் ஆரஞ்சும் அப்படி நிறைந்திருந்தன. இங்கே விவசாயிகள் தோட்டத்துத் தொட்டியை இன்னமும் ஜெப்பியா என்கிறார்கள், வாய்க்காலை சாயா என்கிறார்கள். இரண்டும் அரபு. ஆரஞ்சுக்கு இத்தாலியர் சொல்லும் அராஞ்சாவின் பூர்வீகம் இன்னும் தூரம் போகிறது. அரபில் நாரஞ்ச், பாரசீகத்தில் நாரங், வடமொழியில் நாரங்க. அதற்கும் மூலம் நம் நாரத்தையைப் பெற்ற திராவிடச் சொல்தான் என்று சொல்லாய்வாளர் பலர் கருதுகிறார்கள். பல்லாரோ சந்தையில் ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கிய அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரு பழத்தை எடுத்து மூக்கில் வைத்து முகர்ந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் என் கையில் தந்தார். அதே சந்தையில் கடலைமாவைக் கிண்டி, ஆறவைத்து, மெல்லிய வில்லைகளாக வெட்டிப் பொரித்து ரொட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள். பனெல்லே. ஜெய்சால்மரில் கடலைமாவுக் கட்டா குழம்பு சாப்பிட்ட நாக்கு உடனே இதை இனம்கண்டுகொண்டது.

இந்தச் சந்தையைச் சுற்றியுள்ள பழைய நகரம் 1943இல் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் சிதைந்தது. போருக்குப் பிறகு வசதியுள்ளவர்கள் வெளியே புதிய அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள். அந்த அடுக்குமாடிகள் எழுந்த கதையும் வேதனையானதுதான். 1950களிலும் 60களிலும் மாஃபியாவும் அரசியல்வாதிகளும் கைகோத்து, பொற்கிண்ணத்துப் பழத்தோட்டங்களை அழித்துக் கான்கிரீட் கொட்டினார்கள். பலேர்மோவின் சூறையாடல் என்றே வரலாற்றில் அதற்குப் பெயர். பல கனாத்களின் மேல் அஸ்திவாரம் இறங்கியது. உள்நகரத்தில் வீடுகள் விரிசல் விட்டுக் கிடந்தன, வாடகை குறைவு. அந்த வீடுகளில் வந்து குடியேறியவர்கள் யார்? துனிசியர்கள், வங்காளதேசத்தார், ஆப்பிரிக்கர்கள், மொரீசியர்கள், 1980களில் போருக்குத் தப்பி வந்த நம் ஈழத்தமிழர்கள்.

அண்ணன் வந்தது அந்த அலையில். முதல் அறை பல்லாரோவுக்குப் பின்னால், கூரையில் பாதி இல்லாத கட்டடத்தில். ஏழு பேர். வயதான ஓர் அம்மையாரை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. அவர் இறக்கும்வரை ஒன்பது வருடம் பார்த்தார். அக்கா இன்றும் நாலு வீடு துப்புரவு செய்கிறார். "கோட்டை எண்டா எங்களுக்குப் பயம்தான் அண்ணை. எங்கட யாழ்ப்பாணக் கோட்டைக்குள்ள நாங்கள் ஒருநாளும் இருந்ததில்லை. போர்த்துக்கேயன் இருந்தான், ஒல்லாந்தன் இருந்தான், வெள்ளைக்காரன் இருந்தான், பிறகு ஆமி இருந்தது. குடும்பமா நான் குடியிருந்த முதல் கோட்டை இதுதான்" என்றார். அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அன்றிரவு நெடுநேரம் தூங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை எல்லோருமாக மோந்தே பெல்லெக்ரினோ ஏறினோம். நகரின் வடக்கே கடலை ஒட்டி நிற்கும் அறுநூறு மீட்டர் மலை. உச்சிக்கு அருகில் ஒரு குகை. அதற்குள் புனித ரோசாலியாவின் ஆலயம். அரச சுகத்தை விட்டு இந்தக் குகையில் தவமிருந்து 1166இல் உயிர்நீத்தவர் என்பது மரபு. ஜெய்சால்மருக்கு அப்போது பத்து வயது. 1624இல் பிளேக் நோய் ஊரை வாரிக்கொண்டு போனபோது அவருடைய எலும்புகளைக் குகையில் கண்டெடுத்து ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள், நோய் தணிந்தது என்று நம்புகிறார்கள். அன்றிலிருந்து அவர் நகரத்தின் தாய். ஜூலை 14 இரவு ஊரே திரண்டு தேர் இழுக்கிறது. 2024இல் அந்தத் திருவிழாவுக்கு நானூறாவது வருடம்.

கத்தோலிக்கத் தமிழர் போவது சரி. சைவக் குடும்பங்களும் போகின்றன, அதுதான் நான் பார்க்க விரும்பியது. நெற்றியில் திருநீறோடு அண்ணன், கையில் மல்லிகைச் சரத்தோடு அக்கா. குகை வாசலில் இருவரும் செருப்பைக் கழற்றினார்கள். யாரும் கழற்றச் சொல்லவில்லை. உள்ளே பொன்னாடை போர்த்திச் சாய்ந்திருக்கும் புனிதையின் சிலை, விளக்குகள், வேண்டுதல் நிறைவேறியவர்கள் மாட்டிய வெள்ளித் தகடுகள். கை, கால், கண், குழந்தை. நம் வேளாங்கண்ணியிலும் மாரியம்மன் கோயிலிலும் பார்க்கும் அதே உருவத் தகடுகள்.

தலைக்கு மேலே பார்த்தேன். குகையின் கூரைப் பாறையிலிருந்து நீர் ஓயாமல் சொட்டுகிறது. பக்தர்கள் தலையில் விழாமல் இருக்கக் கூரையெங்கும் உலோகத் தகட்டுத் தூம்புகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பொருத்தியிருக்கிறார்கள். மரக்கிளைகள் போல வளைந்து வளைந்து போய், சொட்டுச் சொட்டாக ஏந்தி, ஓரிடத்தில் சேர்க்கின்றன. அந்த நீரைப் புனிதநீராகக் கொள்கிறார்கள். அக்கா ஒரு சிறு போத்தலில் பிடித்து மகளின் நெற்றியில் தடவினார். அரங்கேற்றத்துக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

கனாத்தில் பார்த்ததும் இங்கே பார்த்ததும் எனக்கு ஒன்றாகவே தெரிந்தன. கல் கசியும், அதைப் பழிக்காமல் ஏந்திக்கொள்ளும் கை வேண்டும். ஏந்தத் தவறினால் அதே தண்ணீர் என்ன செய்யும் என்பதற்கு ஜெய்சால்மரே சாட்சி. உங்கள் கேள்விக்கு இப்போது வருகிறேன்.

அந்தக் கோட்டை நிற்கும் குன்று கருங்கல் அல்ல. மணற்கல்லும் களிமண் பாறையும் அடுக்கடுக்காக அமைந்த மென்மையான மலை. கோட்டைச் சுவர்களில் பெரும்பகுதி சாந்து இல்லாமல் கல்லைக் கல்லோடு கோத்துக் கட்டியது. வறண்ட காற்றிலும் குடத்துத் தண்ணீர்க் கணக்கிலும் அது எண்ணூறு வருடம் நின்றது. சுதந்திரத்துக்குப் பிறகு குழாய் வந்தது, அது வரவேண்டியதுதான். எந்தப் பெண்ணும் இனிக் குடம் சுமந்து மலையேறவேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. சுற்றுலா பெருகியதும் வீடுகள் விடுதிகளாயின. ஒவ்வோர் அறைக்கும் ஷவர், ஒவ்வோர் அறைக்கும் கழிப்பறை. வெளியேறும் நீருக்குத் தகுந்த வடிகால் இல்லை. போட்ட குழாய்களும் கசிந்தன. நீர் குன்றுக்குள் இறங்கிக் களிமண்ணை ஊறவைத்தது. கொத்தளங்கள் சில சரிந்தன. அரண்மனையில் ஒரு பகுதி இடிந்தது, உயிர்களும் போயின. 1990களில் உலக நினைவுச்சின்ன நிதியம் ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் ஜெய்சால்மரைச் சேர்த்தது. அதன்பிறகு பழுதுபார்க்கும் வேலைகள் நடந்திருக்கின்றன, வடிகாலும் சீர்படுத்தினார்கள். ஆனாலும் கோட்டைக்குள் தங்கும் ஒவ்வொரு விருந்தாளியும் திறக்கும் குழாயின் நீர் அந்தக் குன்றின் வழியாகத்தான் இறங்கியாகவேண்டும்.

கோட்டையைக் காலிசெய்து மக்களை வெளியேற்றிவிடலாம் என்று சொல்பவர்களும் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. பட்டாணி உரித்த அந்தப் பாட்டி போய்விட்டால் எஞ்சுவது இன்னொரு செஞ்சி. குடியிருப்பவர்கள் போன பலேர்மோ எப்படிப் பாழானது என்பதையும், குடியிருக்க வந்தவர்களால் எப்படி மூச்சு திரும்பியது என்பதையும் இந்தப் பத்து நாளில் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒதுங்கிக்கொள்ளவேண்டியவர்கள் குடியிருப்பவர்கள் இல்லை. ஒரு ராத்திரி அனுபவத்துக்காக அங்கே குளிக்கப் போகும் நாம்தான்.

ஆகவே ஜெய்சால்மர் போகும் வாசகர்களுக்கு: அக்டோபர் முதல் மார்ச் வரை போங்கள். மூன்று நாள் வையுங்கள். காலை வெயிலில் அகை வாசல் வழியாகக் கோட்டைக்குள் நடந்து ஏறுங்கள். சமணக் கோயில்களைப் பாருங்கள், கோட்டைக்குள் இருக்கும் கடைகளில் சாப்பிடுங்கள், அங்கே வாழ்பவர்களிடம் துணியும் கைவினைப் பொருளும் வாங்குங்கள். பணம் அவர்கள் கையில் போய்ச் சேரட்டும். மாலையில் கடீசர் ஏரிக்கரையில் ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். முடிந்தால் ஒரு காதீன் வயலையும் கேட்டுப் போய்ப் பாருங்கள். ராத்திரி தங்குவதற்குக் கோட்டைக்குள் அறை எடுக்காதீர்கள். கீழே ஊரில் எடுங்கள். மொட்டைமாடியில் நின்றால் கோட்டை முழுதாகத் தெரிவதும் அங்கிருந்துதான்.

அரங்கேற்றம் நல்லபடியாக முடிந்தது. அக்கா தேங்காய்ச் சம்பல் கட்டிக்கொடுத்திருக்கிறார். நாளை காலை விமானம். அடுத்த இதழில் உங்கள் கடிதங்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம். உங்கள் ஊரின் பழைய மதிலுக்குள்ளோ கோட்டைக்குள்ளோ இன்றும் குடியிருப்பவர்கள் இருந்தால், அவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று விசாரித்து எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்